பன்னிரண்டு நாள்

அம்மன் கோயில் வாசலில் கடை வைத்திருப்பவர்களுக்கு ஊரில் யாருக்கு என்ன நோய் என்பது டாக்டருக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். எங்கள் கடை அப்படிப்பட்ட கடை. பாகூரிலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊரில், கோயில் மதிலை ஒட்டி அப்பா கற்பூரம், ஊதுவத்தி, மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் விற்றார். இவற்றோடு ஒரு தகரப் பெட்டியில் உருவத் தகடுகளும் இருக்கும். கண்ணுக்காக வேண்டிக்கொண்டவர்கள் கண் தகடு, முட்டி வலிக்காரர்கள் கால் தகடு, பிள்ளை இல்லாதவர்கள் தொட்டில் தகடு என்று வாங்கிக்கொண்டு போய் உண்டியலில் போடுவார்கள். வெள்ளி என்று சொல்லித்தான் விற்போம். வெள்ளி பூசியது என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரியும் என்பதால் அதை ஒரு பொய்யாக எங்கள் வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

அந்தப் பெட்டியை அடுக்கி வைப்பது என் வேலை. எனக்கு அப்போது பதினொரு வயது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் பேப்பரில் கொட்டி, கண்ணைக் கண்ணோடும் காலைக் காலோடும் சேர்ப்பேன். ஊரில் மூட்டுவலி அதிகம் என்பதால் கால்தான் சீக்கிரம் தீரும். மார்புத் தகடு மட்டும் மூன்றே மூன்று, எப்போதும் பெட்டியின் அடியில் கிடக்கும். அதை வாங்க ஆள் வராது. வந்தாலும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். “வயித்துக்கு மேல” என்பார்கள், “நெஞ்சுக்கு” என்பார்கள். அப்பாவும் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் எடுத்து, பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். எனக்கும் அதைத் தொட வெட்கம். ஒரு விரலால் தள்ளித் தள்ளித்தான் அடுக்குவேன்.

அம்மா போய் இப்போது ஒன்பது வருடம் ஆகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் என்ன ஆகுமோ என்று ஒருவரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. நான் அப்படி நிறையக் காத்திருந்தவள்.

அந்த வருடம் ஆடி மாதம், கோயிலில் செடல் திருவிழாவுக்குக் காப்பு கட்ட மூன்று நாள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெட்டியைக் கொட்டினேன். மார்புத் தகடு இரண்டுதான் இருந்தது. பேப்பரை உதறினேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். முந்தின வாரம் மூன்று இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யாராவது வாங்கினார்களா என்று அப்பாவிடம் கேட்கலாம். கேட்பதற்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமே. பதினொரு வயதுப் பெண் அப்பாவிடம் போய் அதை எப்படிச் சொல்வது? சொல்லாமல் பெட்டியை மூடி வைத்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. மத்தியானம் தம்பி நடையில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான். அவனுக்கு மூன்று வயது. கையில் கிடைப்பதெல்லாம் அவனுக்குப் பலகாரம்தான். பக்கத்தில் அம்மா துவைக்க எடுத்துப் போட்டிருந்த புடவை. அதன் முந்தானையில் அம்மா போட்டிருந்த முடிச்சை அவிழ்த்திருக்கிறான். வாய்க்குள் விரலை விட்டு எடுத்தேன். எச்சிலோடு பளபளவென்று கையில் வந்தது மார்புத் தகடு.

அம்மா கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள். தகட்டை விழுங்கியிருந்தால் என்ன ஆவது என்று அவள் பயந்து வந்ததாக நினைத்தேன். ஆனால் அவள் தம்பியைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள், பிறகு கடைப் பக்கம் திரும்பி அப்பா இருக்கிறாரா என்று பார்த்தாள். என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

“இன்னா பாத்த?” என்றாள்.

“ஒன்னும் பாக்கலம்மா.”

“பால் கட்டிக்கிட்டதுடி. வேற ஒன்னுமில்ல. உந்தம்பி பால மறந்தான் பாரு, அதுல தங்கிப் போயிடுச்சி. அதான் ஆத்தா கிட்ட வேண்டிக்கினு இருக்கேன். செடல் அன்னிக்குப் பால்குடம் எடுத்துட்டு இத்த உண்டியல்ல போட்டா கரைஞ்சி போயிடும்.”

பால் நிற்கவேண்டும் என்றால் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். எனக்குச் சட்டென்று விளங்கியது. கொஞ்ச நாளாக அம்மா தலையில் பூ இல்லாதபோதும் அவள் மேல் மல்லிகை வாசம் அடித்துக்கொண்டிருந்தது. வதங்கின பூவை அவள் சாணிக் குழியில் கொண்டு போய்க் கொட்டுவதையும் பார்த்திருக்கிறேன். தம்பி பால் மறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

“வலிக்குதாம்மா?”

“வலியே இல்லடி. வலி இருந்தாத்தானே நோவு? அது பாட்டுக்குக் கெடக்குது, ஒரு புளியங்கொட்டை மாதிரி.”

பிறகு என் வலது கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். குளித்த ஈரம் காயாத தலை.

“வாயால யாரு கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு. வேண்டுதல வெளிய சொன்னா பலிக்காது. அப்பா கிட்டயும் சொல்லக் கூடாது. சொன்னா அம்மா செத்துப்புடுவேன்.”

அம்மாக்கள் இதைத் தினமும்தான் சொல்கிறார்கள். சாப்பிடாவிட்டால் செத்துப்போவேன், படிக்காவிட்டால் செத்துப்போவேன் என்று எத்தனையோ தடவை கேட்டவள்தான் நான். ஆனாலும் அன்றைக்கு அவள் தலைமேல் கை இருந்தது. நான் சத்தியம் செய்தேன். அந்த நிமிஷத்திலிருந்து பயம் தொடங்கியது.

அதற்குப் பிறகு நான் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கொடியில் துணி போடும்போது இடது கையைத் தூக்கமாட்டாள். தம்பி ஓடி வந்து மடியில் விழுந்தால் உடம்பைத் திருப்பிக்கொள்வாள். ரவிக்கையை மட்டும் தனியாக, மற்ற துணிகளோடு ஊற வைக்காமல், முதலிலேயே அலசிவிடுவாள். ஒரு நாள் அதில் காசளவு பழுப்புக் கறை இருந்தது. என்ன என்று கேட்டேன். “வெத்தலைக் கறை” என்றாள். அம்மா வெற்றிலை போடமாட்டாள்.

புதன்கிழமை கோயிலில் காப்பு கட்டினார்கள். பால்குடம் எடுக்கிறவர்கள் எல்லோரும் வரிசையில் நின்று, மஞ்சள் நூலில் வேப்பிலை வைத்த காப்பைக் கையில் கட்டிக்கொண்டார்கள். கட்டிக்கொண்டால் பத்து நாள் சுத்தபத்தமாக இருக்க வேண்டும். கவிச்சி கூடாது. சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஆத்தா சும்மா விடமாட்டாள் என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கடலூருக்குச் சினிமா பார்க்கப் போய்க் கண் வீங்கி வந்தவன், மகள் வீட்டுக்குப் போய்ப் பேச்சு நின்றுபோனவள் என்று. எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இந்தக் கதைகளைச் சொல்லிவிட்டுத்தான் கற்பூரம் வாங்குவார்கள். அம்மாவும் காப்பு கட்டிக்கொண்டாள். கட்டும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரம் மற்றவர்களைவிட அதிகம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் பெண்களுக்கு மட்டும் ஒரு முகாம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டு ஆட்டோ போனது. எதற்கு என்று அந்த மைக்குக்காரன் சொல்லவில்லை, “மகளிர் நலம், மகளிர் நலம்” என்றே சொல்லிக்கொண்டு போனான். எதிரில் பூக்கடை வைத்திருந்த அக்கா அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பூக்கார அக்காவுக்கு வாய் அதிகம். அவள் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்வதைவிடப் போய்விட்டு வருவது சுலபம். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் போனேன். சின்னப் பிள்ளைகள் வெளியே என்று நிறுத்திவிட்டார்கள். ஜன்னல் வெளியேதானே இருந்தது.

சுகாதார நிலையத்து நர்சம்மா ஒரு ரப்பர் மார்பை மேசைமேல் எடுத்து வைத்ததும் கூடம் முழுக்கச் சிரிப்பு. பூக்கார அக்கா, “இத்த எங்க வூட்டுக்காரரு கண்ணுல காட்டிறாதீங்க நர்சம்மா, எனக்கு வேலை இல்லாம போயிடும்” என்றாள். நர்சம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு அதைக் கைக்குக் கை கொடுத்து, உள்ளே எங்கே கட்டி இருக்கிறது என்று அழுத்திப் பார்க்கச் சொன்னாள். மூன்று விரலைச் சேர்த்து, வட்டமாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு எப்படித் தடவ வேண்டும் என்று காற்றில் செய்து காட்டினாள். அக்குளையும் விடக்கூடாது என்றாள். மாதவிலக்கு முடிந்த சில நாளில், மாதம் ஒருமுறை, கண்ணாடி முன்னால் கையைத் தூக்கி நின்றும் பார்க்க வேண்டும். அன்றைக்கு ஜன்னல் வழியாகக் கற்ற அந்தக் கைதான் இன்றைக்கும் மாதாமாதம் என் கை.

பிறகு அவள் சொல்ல ஆரம்பித்தாள்.

“வலிக்கலன்னு சும்மா இருந்துடாதீங்கம்மா. முதல்ல வலிக்கவே வலிக்காது. கட்டி வந்த எல்லாருக்கும் அந்த நோவு கெடையாது, பாதிப் பேருக்கு மேல சும்மா கட்டிதான். ஆனா அத்த டாக்டருதான் சொல்லணும், நீங்களா சொல்லிக்கக் கூடாது. தோலு கமலா ஆரஞ்சுத் தோலு மாதிரி குழி குழியா ஆனாலும் வரணும். காம்பு உள்ள இழுத்துக்கினாலும் வரணும். ரவிக்கைல ரத்தமோ, பழுப்பாத் தண்ணியோ பட்டாலும் வரணும். நாளைக்கு, நாளான்னிக்குன்னு தள்ளாதீங்க. ஒவ்வொரு நாளும் முக்கியம்.”

தம்பி என் இடுப்பிலிருந்து நழுவியதுகூட எனக்குத் தெரியவில்லை. வலிக்காது என்றாள். பழுப்பாக என்றாள். இவள் எங்கள் வீட்டுக் கொடியைப் பார்த்துவிட்டு வந்து பேசுகிறாளோ என்றுகூட நினைத்தேன். ஜன்னல் கம்பி வழியாக அம்மாவைத் தேடினேன். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, மணிக்கட்டில் இருந்த காப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

திரை கட்டின மூலையில் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள். வரிசையில் அம்மாவும் நின்றாள். எனக்கு மூச்சு வந்தது. இனி நான் எதுவும் சொல்ல வேண்டாம், அவர்களே பார்த்துவிடுவார்கள். அம்மாவுக்கு முன்னால் பூக்கார அக்கா உள்ளே போனாள். போனவள் வெளியே வந்தபோது அவள் வாயில் பேச்சில்லை. கையில் ஒரு சீட்டு இருந்தது. புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிய சீட்டு. அதைப் பார்த்தாள் அம்மா. “புள்ள அழுவுறான்” என்று யாரிடமோ சொல்லிவிட்டு வரிசையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். தம்பி அழவே இல்லை. மண்ணில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். “காட்டும்மா, நர்சம்மா கிட்ட காட்டும்மா” என்றேன்.

“காப்பு கட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவாங்களாடி? அவுத்தப்புறம் பாத்துக்கலாம். உன் வாய மூடு.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் அம்மா செத்துப்போவாள். அது ஆத்தா கணக்கு. சொல்லாவிட்டாலும் செத்துப்போவாள், அது நர்சம்மா கணக்கு. இரண்டு பேரில் யார் பெரியவர் என்று முடிவு செய்யும் வேலை எனக்கு வந்து வாய்த்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நின்று அழுதேன். காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் அம்மா எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அவள் குனிந்தபோது மல்லிகை வாசம் அடித்தது. கஞ்சி அப்படியே வெளியே வந்துவிட்டது.

எனக்கு வழி காட்டியவள் பூக்கார அக்கா. அவளும் காப்பு கட்டியிருந்தாள். ஆனால் திங்கட்கிழமை காலையில் பூக்கடையைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு பஸ் ஏறப் புறப்பட்டாள். தெருவே கூடிவிட்டது. காப்போடு எல்லை தாண்டுகிறாளே என்று ஆளாளுக்குக் கத்தினார்கள்.

“ஆத்தாளும் பொம்பளதானே? அவளுக்கும் மார் இருக்குதுல்ல? அவளுக்குத் தெரியாதா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் அவளுக்காகக் காத்திருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தாள். அவள் கண் வீங்கவில்லை, பேச்சு நிற்கவில்லை. பேச்சு நிற்பதாவது, பஸ் கண்டக்டரோடு போட்ட சண்டையை ஏழு கடைக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். செவ்வாய்க்கிழமையும் பார்த்தேன். புதன்கிழமையும் பார்த்தேன். பூ கட்டிக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கு இருந்தது சின்னக் கட்டி. அறுத்து எடுத்து, மருந்து ஏற்றி, முடி கொட்டி, முடி முளைத்து, இன்றைக்கும் அதே இடத்தில் பூ விற்கிறாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காசு வாங்காமல் எனக்கு ஒரு முழம் கொடுப்பாள். வாங்கிக்கொள்வேன். சில நாள் எனக்கு அவள்மேல் வரும் பொறாமையைச் சொன்னால் அசிங்கம்.

வியாழக்கிழமை, செடலுக்கு முந்தின நாள். பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்குப் போனேன். சத்தியம் என்னவோ வாயால் சொல்லமாட்டேன் என்றுதான். இதை நான் மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தேன். கடையில் நல்ல கூட்டம். அது கொஞ்சம் குறையும்வரை நின்றேன். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, அடியில் இருந்த இரண்டு மார்புத் தகடுகளில் ஒன்றை, ஒரு விரலால் தள்ளாமல், முழுக் கையாலும் எடுத்து, அப்பா சாம்பிராணி நிறுத்துக்கொண்டிருந்த தராசுத் தட்டில் வைத்தேன்.

“இன்னா பாப்பா இது? யாரு கேட்டாங்க?” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

நான் தலையை ஆட்டினேன்.

“யாரும் கேக்கலன்னா எடுத்து உள்ள வை.”

நான் எடுக்கவில்லை. கையை நீட்டி வீட்டுப் பக்கம் காட்டினேன். நடையில் அம்மா உட்கார்ந்து நாளைய பால்குடத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். அப்பா அவளைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தபோது நான் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் தகட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சாம்பிராணி கேட்ட அம்மாளிடம் “இல்லம்மா, தீந்து போச்சி” என்றார். சாம்பிராணி தராசிலேயே இருந்தது.

அப்பாவும் அம்மாவும் உள்ளே போனார்கள். கதவு சாத்தியிருந்தது. அம்மாவின் குரல் முதலில் உயர்ந்தது, பிறகு கேட்கவில்லை. அப்பா வெளியே வந்தபோது கால் எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் பால்குடத்தை இடறிவிட்டார். குடம் உருண்டு கிணற்றடிவரை போனது. அதை எடுக்க யாரும் போகவில்லை.

“நாளிக்கி ஒரு நாள்தானே? குடத்த எடுத்துட்டு, காப்ப அவுத்துட்டு வரேனே” என்று அம்மா கதவருகே நின்று கெஞ்சினாள்.

“நாளிக்கி செடலு. சனிக்கெழம மஞ்சத் தண்ணி. ஞாயித்துக்கெழம லீவு. திங்கக்கெழமைக்கு நீ வேற ஒன்னு வச்சிருப்ப. நான் பாத்துட்டேன்டி. இதுக்கு மேல என்னால ஒரு நாள் முடியாது” என்றார் அப்பா. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா என்னைக் கூப்பிட்டாள். முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “சொல்லிட்டியாடி?” என்றாள். “வாயால சொல்லலம்மா” என்றேன். அடித்த இடத்தையே வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் அப்பா கடையைத் திறக்கவில்லை. வருடத்திலேயே பெரிய வியாபாரம் நடக்கும் நாளில் எங்கள் கடைக் கதவு மூடிக் கிடந்ததைப் பார்த்து, வீட்டில் சாவோ என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். தம்பியைப் பூக்கார அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். என்னையும் விட்டுவிட்டுப் போகத்தான் பார்த்தார்கள். நான் அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டேன். வேண்டுதலைக் கெடுத்தவள் நான். ஆத்தா கேட்டால் பதில் சொல்ல நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

எல்லைக்கல் வந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கையில் மஞ்சள் காப்பு. அப்பா அவள் முழங்கையைப் பிடித்துத் தாண்ட வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. கரும்புச் சோகை மட்டும் காற்றில் சலசலத்தது. அதற்கே நான் அம்மாவை ஒட்டிக்கொண்டேன்.

கிருமாம்பாக்கத்தில் பஸ் பிடித்தோம். எதிரில் வருகிற பஸ் எல்லாவற்றிலும் மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக எங்கள் ஊருக்குக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. எங்கள் பஸ்ஸில் பாதி இருக்கை காலி. லாரி ஒவ்வொன்றும் எங்கள்மேல் மோதத்தான் வருகிறது என்று எனக்குத் தோன்றியது. பஸ் பிரேக் போடும்போதெல்லாம், இதோ, இதோ என்று முன் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ‘என்னை எடுத்துக்கோ, அம்மாவை விட்டுடு’ என்று மனதுக்குள் சொன்னேன். சொல்லிவிட்டு, உண்மையிலேயே எடுத்துக்கொண்டால் என்ன செய்வது என்று அதற்கும் பயந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் வரிசை, சீட்டு, மறுபடியும் வரிசை. டாக்டரம்மா அறைக்குள் ஆண்கள் போகக்கூடாது என்று அப்பா வெளியிலேயே நின்றுவிட்டார். நான் முந்தானையை விடவில்லை. சின்னப் பெண்தானே என்று என்னையும் உள்ளே விட்டார்கள்.

திரைக்குப் பின்னால் அம்மா படுத்திருந்தாள். என் பக்கம் அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. மஞ்சள் பூசிய பாதங்கள், விரல்கள் மடங்கி இறுகியிருந்தன. கையைத் தூக்கும்மா, இப்படித் திரும்பும்மா என்று மட்டும் டாக்டரம்மா சொன்னாள். பிறகு மேசைக்கு வந்து உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். அம்மா ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு வந்து நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

இனிமேல்தான் எனக்கு விசாரணை என்று காத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் முக்கியம் என்று நர்சம்மா சொன்னாளே. நான் தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்தது பன்னிரண்டு நாள். ஞாயிறிலிருந்து எண்ணி எண்ணி எனக்கு அது மனப்பாடம். இந்தப் பன்னிரண்டு நாளில் அது எவ்வளவு வளர்ந்திருக்கும்? டாக்டரம்மா கேட்டால் நான்தான் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

“முதல்ல எப்பம்மா கைக்குத் தட்டுப்பட்டுது?” என்று கேட்டாள் டாக்டரம்மா.

அம்மா தரையைப் பார்த்தாள். “தை மாசங்க. பொங்கலுக்குத் தலைக்கு ஊத்திக்கினப்ப.”

டாக்டரம்மாவின் பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்துபோயிற்று என்று நினைத்தேன். எங்கள் கடைப் பேனாவும் அப்படித்தான் நடுவில் நின்றுபோகும். அவள் பேனாவை உதறவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முதுகுக்குப் பின்னால் விரல் விட்டு எண்ணினேன். தை, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. ஏழு. ஏழு மாதம் எங்கே, பன்னிரண்டு நாள் எங்கே! என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. எனக்கு முன்னாலேயே, எனக்குத் தெரிவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே, அது இருந்திருக்கிறது. என்னால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஐந்து நாளுக்குப் பிறகு முதன்முதலாக எனக்குப் பசித்தது.

டாக்டரம்மா அப்பாவை உள்ளே கூப்பிட்டாள். ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், இனி ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது என்றாள். அக்குளிலும் இருக்கிறது என்று ஏதோ சொன்னாள். இன்னும் சிலது மெதுவாகச் சொன்னாள். என்னை நர்ஸ் ஒருத்தி வெளியே கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

வெளியே வந்ததும் ரோஸ்மில்க் வேண்டும் என்று கேட்டேன். நான் வாய்விட்டு ஒன்றைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அப்பா மறுபேச்சில்லாமல் வாசல் கடையில் இரண்டு தம்ளர் வாங்கிக்கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அம்மா ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தன் தம்ளரையும் என்னிடம் தள்ளினாள். இரண்டையும் குடித்தேன். அம்மாவைச் சந்தோஷப்படுத்த ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

“நல்லவேள, நீ தை மாசமே பாத்துட்ட இல்லம்மா?” என்றேன்.

அம்மா முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டாள்.

“ஆமாண்டி” என்றாள்.